ஜன்னல் வழியே கூப்பிட்ட பெயர்

5 பிப்ரவரி

அன்புள்ள குட்டிக்கு,

உன் அண்ணன் தன் தங்கைக்கு வைத்த செல்லப்பெயராலேயே கூப்பிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. நான் நலம் என்று எழுதினால் நீ நம்பப்போவதில்லை. மூக்குக்கண்ணாடிக் கடை வேலைக்குத் தினமும் போய்வருகிறேன். அவர் செத்து இத்தனை மாதமாகியும் கதவு தட்டும் சத்தம் கேட்டால் எழுந்துவிடுகிறேன்.

ஒரு முடிவு எடுத்திருக்கிறேன். ஊசி போட்டு என் கருமுட்டைகளை வளர்த்து, மயக்கம் கொடுத்து வெளியே எடுத்து, அவருடைய விந்தணுவோடு ஆய்வகத்தில் சேர்த்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? அப்படி உண்டான கருக்களில் ஒன்றை எனக்குள் வைத்தார்கள், அது தங்காமல் போயிற்று. இன்னொன்றை உறைய வைத்திருக்கிறார்கள். தான் இல்லாமல் போனாலும் அது எனக்குத்தான் என்று அவர் அன்றே சம்மதம் கொடுத்துவிட்டார். அதை வைத்துக்கொள்ளப்போகிறேன். கர்ப்பப்பையைத் தயார்படுத்த மாத்திரை சாப்பிடுகிறேன். தனியாகப் போகப் பயமாக இருக்கிறது. கூட வருவாயா?

உன் அண்ணி

14 பிப்ரவரி

அன்பு அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை பேக்கரியில் நின்றுகொண்டே படித்தேன். ஒரு அடுப்பு ரொட்டி கருகிவிட்டது. முதலாளி வாய்க்கு வந்தபடி திட்டினார், திட்டட்டும். இத்தனை நாளாக அண்ணன் அந்தக் குளிரில் காத்துக்கொண்டா இருந்தான்?

லீவு சொல்லிவிட்டேன். போய் அவனைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவோம் அண்ணி.

உங்கள் குட்டி

9 மார்ச்

அன்புள்ள குட்டிக்கு,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்திருப்பாய். இங்கே இருந்தபோது நேரில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கருவை எடுத்து வருவதற்கு முன் ஆய்வகப் பெண் ஜன்னல் வழியாக எங்கள் இருவர் பெயரையும் கூப்பிடுவாள். ஆள் மாறிவிடக் கூடாது என்று அப்படி ஒரு வழக்கம். போன தடவை அவர் பக்கத்தில் நின்று பதில் சொன்னார். இந்தத் தடவை அவர் பெயர் கேட்டதும் "அவர் இல்லீங்க" என்று சொல்ல வாயெடுத்தேன். நீ முந்திக்கொண்டாய். "இதோ, வந்துட்டேன்" என்றாய், அவர் இழுப்பது மாதிரியே இழுத்து. டாக்டர் சிரித்துவிட்டார். அந்த மெல்லிய குழாயை உள்ளே விட்டுக் கருவை வைத்து முடிக்கும்வரை நான் உன் பக்கம் திரும்பவே இல்லை.

நேற்று ரத்தப் பரிசோதனை. தங்கிவிட்டது. சந்தோஷத்தில் அழுதேன். ஆனால் உள்ளே இருப்பது யார் என்று என்னையே கேட்க வைத்துவிட்டாயே. குட்டி, இது குழந்தை. உன் அண்ணன் இல்லை.

அண்ணி

20 ஜூலை

அன்பு அண்ணிக்கு,

குழந்தை அசைகிறது என்று எழுதியிருந்தீர்கள். இடது பக்கமா? அவன் எப்போதும் இடது பக்கம் ஒருக்களித்துத்தான் தூங்குவான். கோபப்படாதீர்கள், கை தானாக எழுதிவிடுகிறது. அம்மா அப்பா போனபிறகு எனக்குத் தலை வாரிவிட்டவன் அவன். எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

இதோடு அண்ணனுக்கு ஒரு சின்னக் கடிதம் வைத்திருக்கிறேன். வயிற்றில் கை வைத்துக்கொண்டு படித்துக் காட்டுங்கள்.

குட்டி

28 ஜூலை

குட்டி,

அந்தச் சின்னக் கடிதத்தைப் பிரிக்காமலே திருப்பி அனுப்புகிறேன். செத்தவரை என்னால் பெற்றெடுக்க முடியாது. பிரசவத்துக்கு வர வேண்டாம், இனி எழுதவும் வேண்டாம். உன்மேல் வெறுப்பு இல்லை, பயமாக இருக்கிறது.

அண்ணி

12 நவம்பர்

குட்டி,

வேண்டாம் என்று எழுதிய கையாலேயே எழுதுகிறேன். முந்தாநாள் பிறந்தது. பையன். நல்ல எடை, அழுகையும் பலம்தான்.

குழந்தையைத் துடைத்துக் கொண்டுவந்த நர்ஸ் சும்மா ஒரு பேச்சுக்கு, "அப்பா ஜாடையா?" என்று கேட்டாள். அதிலிருந்து நான் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. பால் கொடுக்கும்போது சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பக்கத்துக் கட்டில்காரி ஒரு மாதிரியாகப் பார்க்கிறாள். அவராக இருந்துவிட்டால் என்ன செய்வேன்? இல்லாவிட்டால் மட்டும் என்ன செய்வேன்? உன்னைத் திட்டினேன். நீ வாய்விட்டுச் சொன்னாய், நான் சொல்லவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

கிளம்பி வா. முதலில் நீ பார். பார்த்துவிட்டு, "இது அண்ணன் இல்ல அண்ணி, வேற யாரோ" என்று சொல். பொய்யாக இருந்தாலும் சொல். அப்புறம் நான் பார்க்கிறேன்.

உன் அண்ணி