அப்பா கொண்டுவந்த கெளுத்திகள்

செவ்வாய்க்கிழமை, ஸ்கூடாய்

எந்த மாதம் சினை பிடிக்கிறது, எவ்வளவு வளர்கிறது என்று ஆற்றுக் கெளுத்தியைப் பற்றித்தான் என் முதுகலை ஆய்வு. மாதாமாதம் அப்பாதான் பண்டார் தெங்காரா பக்கத்து ஆற்றில் பிடித்துத் தருகிறார். இன்று காலை ஐஸ் பெட்டியோடு வந்தார்.

"பாரும்மா, எல்லாம் பெரிய சைஸ் லா! ஒங்க லெக்சரர்கிட்ட காட்டு." முகமெல்லாம் சிரிப்பு.

அவர் போனபின் ஆய்வகத்தில் மீன்களின் வயிற்றைக் கீறினேன். சினைப்பையைச் சுற்றிக் கட்டிக் கட்டியாகக் கொழுப்பு. இரைப்பையில் ஊறிப்போன தீவன உருண்டைகள். ஆற்றில் யார் தீவனம் போடுவார்கள்? எல்லாம் குளத்தில் வளர்த்தவை. பசாரில், மீன் சந்தையில், வாங்கியிருக்கிறார். ஒன்றைக்கூட ஆய்வில் சேர்க்க முடியாது.

மீன் கிடைக்கவில்லை என்று சொல்லியிருந்தால் ஆய்வில் அதையே எழுதியிருப்பேன். வெறுங்கையோடு வந்தால் என் படிப்பு நின்றுவிடும் என்று பயந்திருக்கிறார்.

மாலையில் போன் செய்தார். "மீனு நல்லா இருந்துச்சாம்மா?"

"நல்லா இருந்துச்சுப்பா."

பிறகு மெதுவாகக் கேட்டார். "ஆறு இப்போ மண்ணு கலர்ல ஓடுதும்மா. அடுத்த மாசமும் வேணுமா?"

வேண்டாம் என்றால் எனக்குத் தெரிந்துவிட்டது என்று புரிந்துகொள்வார்.

"வேணும்பா," என்றேன்.