முதலாளி குனிஞ்ச நேரம்

செவ்வாய்க்கிழமை, இரவு. மழை.

இண்டைக்கு டோக்கியோ முதலாளியோட வீடியோவில கூட்டம். எங்கட சின்னக் கொம்பனியின்ர வீடியோ கேம்களை இங்கத்தைக் கடையளுக்கு விக்கிறது நானும் ஜூட்டும்தான். லண்டன் ஒஃபிஸ் எண்டால் அந்த ரெண்டு மேசைதான். இனி ஐரோப்பா முழுக்க எங்கட கேம்களை ஜப்பானில இருக்கிற ஒரு பெரிய கொம்பனி விக்கப்போகுதாம். பெட்டியில எங்கட பேரும் இருக்குமாம், கீழ, சின்னதாய். நல்ல செய்தியாம். ஆருக்கு?

அப்ப எங்கட வேலை? கேள்வி நாக்கு நுனி வரைக்கும் வந்திட்டுது. அதுக்குள்ள அவர், "இவ்வளவு காலமும் பாடுபட்டதுக்கு நன்றி" எண்டு எழும்பி, இடுப்பை வளைச்சுக் குனிஞ்சார். ஜப்பான் ஆக்களின்ர வழக்கம் அது. நாங்கள் லைனைக் கட் பண்ணும்வரைக்கும் நிமிரமாட்டார். திரையில நரைச்ச உச்சந்தலை மட்டும் தெரிஞ்சுது. குனிஞ்சு நிக்கிற ஆளிட்ட என்னத்தைக் கேக்கிறது?

"அக்கா, கட் பண்ணுங்கோ. பாவம், முதுகு நோகப்போகுது" எண்டான் ஜூட். போன மாசம்தான் வீடு வாங்கினவன். கட் பண்ணினன்.

பிளேஸ்டோவில இருக்கிற வீட்டுக்கு வந்து கதவைத் திறக்க, என்ர மனுசன் குசினியிலயிருந்து எட்டிப் பாத்துக் கேட்டார்: "கூட்டம் எப்பிடி? வேலைக்கு ஒண்டும் பிரச்சினையில்லைத்தானே?"

நான் குனிஞ்சு சப்பாத்தைக் கழட்டத் தொடங்கினன். அவர் திரும்ப உள்ளுக்குப் போகும்வரைக்கும் நிமிரேல்லை.