ஞாயிற்றுக்கிழமை மீன்கள் எங்கே போயின?

என் வசந்தன், எனக்குப் பின்னால் பிறந்து எனக்கு முன்னால் போய்விட்ட என் தம்பி,

நேற்று உன்ர ஏரிக்குப் போய் வந்தேன். போனது சரியா பிழையா என்று இன்னும் தெரியவில்லை. வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, குசினி மேசையில் இருந்து உனக்கு எழுதுகிறேன்.

போன செவ்வாய்க்கிழமை உன்ர போன் அடித்தது. நீ போய் ஐந்து மாதமாகியும் அதை நான் சார்ஜ் போட்டு வைத்திருக்கிறேன். ஏன் என்று அத்தான் கேட்டார். என்ன பதில் சொல்ல? அதைத் திறக்கிற நம்பர் எங்களுக்குத் தெரியாது. யாராவது கோல் எடுத்தால் கதைக்கலாம், அவ்வளவுதான். திரையில் கிரெக் என்று இருந்தது.

நான் ஹலோ சொல்ல முன்னமே அந்த மனிதர் தொடங்கிவிட்டார். குளிர் தொடங்கியதிலிருந்து குயின்ஸ்லாந்தில் மகளோடு இருந்தாராம், இப்போதுதான் திரும்பி வந்தாராம். ஞாயிறு நாற்பது டிகிரியைத் தாண்டுமாம். கரையில் ஒரு மீன் இல்லை, எல்லாம் ஆழத்துக்குப் போய்விட்டது, நீ வருகிறாயா என்று கேட்டார். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன், நான் வசந்தனின் அக்கா, அவன் ஆகஸ்டில் வேலையிடத்திலேயே நெஞ்சு அடைத்துப் போய்விட்டான் என்று. பிறகு, “ஞாயிறு நீங்கள் வாருங்கள். அவன் மீன் பிடித்த இடத்தைக் காட்டுகிறேன்” என்றார்.

ஓம் என்று சொல்லிவிட்டேன். முன்பின் தெரியாத ஒரு வெள்ளைக்காரக் கிழவரிடம் ஏன் ஓம் என்றேன்? நீ மீன் பிடிக்கப் போவதை நான் எவ்வளவு பகிடி பண்ணியிருக்கிறேன். மூன்று கோடை. ஒவ்வொரு ஞாயிறும் விடிய முன்னம் எங்கட ட்ருகனினா வீட்டில் இருந்து இரண்டு மணித்தியாலம் கார் ஓடிப் போவாய். பொழுதுபட, முகம் கறுத்து, வெறுங்கையோடு வருவாய். “ஒண்டும் பிடிபடேல்லை அக்கா” என்பாய். “கடையில வாங்கியாவது ஒண்டைக் கொண்டு வாவன்” என்பேன். சிரித்துவிட்டுக் குளிக்கப் போவாய்.

கிரெக்கின் சின்ன அலுமினியப் படகில் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு ஏறினேன். பாதுகாப்பு அங்கியைத் தானே இறுக்கிக் கட்டிவிட்டார். ஏழு மணிக்கே வெயில் முதுகைச் சுட்டது. ஏரியின் நடுவில், பழைய மரங்கள் தண்ணீருக்குள் செத்து நிற்கிற இடத்தில் படகை நிறுத்தினார். வெக்கைக்கு ரெட்ஃபின் மீன் எல்லாம் கீழே, குளிர்ந்த தண்ணீரில், அந்த மரங்களின் நிழலில்தான் கிடக்குமாம். தூண்டிலை எறியத் தேவையில்லை, நேரே கீழே விடு, அடியில் தட்டினதும் கொஞ்சம் தூக்கு, பிறகு விடு என்றார். உன்ர தூண்டில்தான் என் கையில் இருந்தது.

பத்து நிமிடம்கூட இல்லை. கீழே ஏதோ வெடுக்கென்று இழுத்தது. நான் கத்திவிட்டேன். சுற்றிச் சுற்றி மேலே கொண்டுவந்தால், உடம்பில் கறுப்புக் கோடும் சிவப்புச் செட்டையுமாய் ஒரு மீன். பிடித்துக் கழற்றப் போய் முள்ளில் குத்துப்பட்டுக்கொண்டேன். பத்து மணிக்குள் பதினொரு மீன் ஐஸ் பெட்டிக்குள் கிடந்தது. தூண்டில் பிடிக்கவே தெரியாத எனக்கு இத்தனை என்றால், உனக்கு எப்படி ஒன்றும் பிடிபடாமல் போனது?

அதையே கிரெக்கிடம் கேட்டேன். அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். “வசந்துக்கா? அவன் பெட்டி நிறையாமல் ஒருநாளும் போனதில்லையே.” பிறகு, “கலாவும் பிள்ளையும் எப்படி இருக்கிறார்கள்?” என்றார்.

எந்தக் கலா என்று என் வாய் கேட்டது. கேட்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

நாலு வருசத்துக்கு முன்னம் நீ குசினி வாசலில் நின்று சொன்ன பெயர். உன்னோடு வேர்ஹவுஸில் வேலை செய்கிறவள், இந்தியா, மதுரைப் பக்கம், டிவோர்ஸ் ஆனவள், உன்னைவிட மூன்று வயது மூப்பு, ஒரு பெண்பிள்ளை. நான் தேங்காய் திருவிக்கொண்டு நின்றேன். திரும்பிக்கூடப் பார்க்காமல், “வேண்டாம் வசந்தன், சனம் என்ன சொல்லும்?” என்றேன். “சரி அக்கா” என்றாய். அவ்வளவுதான். அடுத்த நாள் வழமைபோல வேலைக்குப் போனாய். என் சொல்லைத் தட்டாத தம்பி என்று ஊரெல்லாம் பெருமையாய்ச் சொல்லித் திரிந்தேனே, அதைக் கேட்டுக்கொண்டு எப்படி இருந்தாய்?

போன கோடையில் அவர்களும் உன்னோடு ஏரிக்கு வந்தார்களாம். கிரெக்கிடம் அவளுடைய நம்பர் இருந்தது. கரைக்கு வந்து, காருக்குள் ஏசியைப் போட்டுவிட்டு அரை மணித்தியாலம் இருந்தேன். பிறகு அவளுக்குக் கோல் எடுத்தேன். என் பெயரைச் சொன்னதும், “வாங்க” என்று மட்டும் சொல்லி விலாசத்தை அனுப்பினாள். எங்கள் வீட்டில் இருந்து பத்து நிமிடம், வசந்தன். பத்து நிமிடம்.

கதவைத் திறந்தவளை எனக்குத் தெரியும். உன்ர செத்தவீட்டில் கடைசி வரிசையில் ஒரு பிள்ளையைப் பிடித்துக்கொண்டு நின்றவள். வேலையிடத்துச் சனம் என்று நினைத்து, வந்ததற்கு நன்றி சொல்லி அனுப்பினேன்.

“மீன் கொண்டு வந்தனான்” என்றேன். வேறு என்ன சொல்லுவது? அவள் பெட்டியைத் திறந்து பார்த்தாள். பிறகு கத்தி எடுத்து வந்தாள். அந்த மீனின் தோல் கடினம், செதிலோடு சேர்த்து உரித்துவிட வேண்டும் என்று நீதானாம் பழக்கினாய். இரண்டு பேரும் சிங்கில் நின்று உரித்தோம்.

“ரெண்டு பேரும் எழுதினீங்களோ?” என்று கேட்டேன். அவளுக்கு விளங்கவில்லை. “கலியாணம்” என்றேன்.

“இல்லைங்க. அக்கா சரின்னு சொல்லாம வேணாம்னுட்டார். ஞாயித்துக்கிழம மீனோட வருவார், பொரிச்சு சாப்பிடுவோம். குளிச்சிட்டு ஏழு மணிக்குள்ள கெளம்பிடுவார், அக்கா பாத்துட்டு இருப்பாங்கன்னு.” கையைக் கழுவிவிட்டு என்னைப் பார்த்தாள். “உங்க மேல எனக்கு ரொம்பக் கோவம் இருந்துச்சு. இப்பவும் இருக்கு. பொய் சொல்ல விரும்பல.”

“நீர் கோவிக்கிறது சரிதான்” என்றேன்.

மகள் மித்ராவுக்குப் பத்து வயது. என்னைக் கொஞ்சநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, “யூ லுக் லைக் வசந்த்” என்றாள். அதற்குப் பிறகுதான் எனக்கு அழுகை வந்தது. மூன்று பேரும் உட்கார்ந்து சாப்பிட்டோம். முள் குறைவு, வெள்ளைச் சதை, இனிப்பு. நல்ல மீன் வசந்தன். ஒரு துண்டாவது எனக்குக் கொண்டு வந்து தந்திருக்கலாமே.

இரவு முழுக்க ஒரே குழப்பம். நீ எனக்குப் பயந்தாயா, இல்லை என்னில் இரக்கப்பட்டாயா? இன்னொரு தரம் கேட்டிருந்தால் நான் ஓம் என்றிருப்பேன் என்று நினைக்கிறேன். உண்மையாகவே சொல்லியிருப்பேனா? அதுவும் தெரியவில்லை. நீ அங்கே சந்தோசமாக இருந்தாய் என்று ஒரு நிமிடம் ஆறுதல் வருகிறது. அடுத்த நிமிடம், ஏழு மணி ஆனதும் நீ எழும்பி வெளிக்கிட்டது கண்ணுக்குள் வருகிறது. யாரில் கோபிப்பது என்று தெரியாமல் காலையில் அத்தானில் பாய்ந்தேன். பாவம், அவர் தேத்தண்ணி போட்டுத் தந்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார்.

ஒன்று மட்டும் உனக்குச் சொல்லிவிடுகிறேன். ஆகஸ்டில் ஒரு வருசம் முடிய வருகிற உன்ர ஆட்டைத் திவசத்துக்குக் கலாவையும் மித்ராவையும் வரச் சொல்லிக் கேட்கப் போகிறேன். வருவாளோ தெரியாது. வராவிட்டால் திரும்பவும் போய்க் கேட்பேன். வந்தால் கடைசி வரிசையில் நிற்க விடமாட்டேன். இது ஆர் என்று சனம் கேட்டால், என்ர மச்சாள் என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லுவேன்.

உன்ர அக்கா,
அவள் சம்மதித்தால் கலாவின் மச்சாள்,
மித்ராவுக்கு மாமி