ஒரே பிடி, நான்கு முறை

மார்ச் 3

என் வாயாடி மகளுக்கு,

நலம். நீயும் நலம் என்று நானே எழுதிக்கொள்கிறேன். மூன்று வருடமாக உன்னிடமிருந்து சேதி இல்லையே.

ஒரு கூத்து கேள். தகரம் அடித்தது போதும் என்று பட்டறையில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சும்மா இருக்க முடியாமல் உன் எலெக்ட்ரிக் கிதாரை உறையிலிருந்து எடுத்தேன். நீ விட்டுப்போன கேசட்டில் அந்த ஜாஸ் துண்டு இருக்கிறதல்லவா, அதைப் போட்டுப் போட்டுக் கேட்டு, கம்பி கம்பியாக விரலை நகர்த்தித் தேடினேன். எட்டாம் வகுப்பு வித்துவான் இருபதே நாளில் கண்டுபிடித்துவிட்டேன்! நாலைந்து கம்பியைச் சேர்த்து அழுத்துவதை நீ 'கார்டு' என்பாய், எனக்கு அது பிடி. ஒரே பிடிதான், நான்கு முறை. அன்றைக்கே சொன்னேனா இல்லையா?

ஒரு குறை. மெல்லிய கம்பியில், கீச்சென்று கேட்க வேண்டிய மேல் கட்டங்களுக்குப் போனால் சத்தமே செத்துப்போகிறது. இரண்டு தடவை கம்பி மாற்றியாயிற்று. "கம்பி நல்லாத்தான் பேசுது பெரியவரே" என்று கடைக்காரர் சிரிக்கிறார். என்ன செய்யட்டும்?

அப்பா


மார்ச் 19

அப்பாவுக்கு,

பதில் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

அது ஒரே பிடி இல்லை. மற்ற விரல்கள் அசையாது. சுண்டுவிரல் மட்டும் மெல்லிய கம்பியில் பதினேழாம் கட்டத்திலிருந்து ஒவ்வொன்றாகப் பதினான்கு வரை இறங்கும். அந்த இறக்கம்தான் பாட்டே. ஒரு வருடம் காதாலேயே தேடிப் பிடித்து, முதலில் உங்களுக்குத்தான் வாசித்துக் காட்டினேன். "ஒரே இடத்தையே சொறிஞ்சிட்டிருக்கியே, அரிப்பா?" என்று கேட்டீர்கள். மாமா, அத்தை எல்லாரும் சிரித்தார்கள். அந்த வாரம்தான் கிளம்பினேன்.

கம்பியில் குறை இல்லை. காது டாக்டரைப் பாருங்கள்.

மகள்


ஏப்ரல் 11

மகளே,

பார்த்தேன். டாக்டரம்மா ஒரு சின்ன அறைக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்கச் சொன்னார். பள்ளிக்கூடத்தில் நான் பரீட்சை எழுதிய லட்சணம்தான். பாதிக்கு மேல் காலி. முப்பது வருடம் பட்டறையில் அந்தத் தகரம் அடிக்கும் எந்திரத்தோடு குடித்தனம் நடத்தியதற்குச் சீதனமாம். போனது போனதுதானாம்.

ஆக, அன்றைக்கு நீ வாசித்த அந்த இறக்கம் எனக்குக் கேட்கவில்லை. டாக்டர் சீட்டைக் காட்டித் தப்பிக்கப் பார்க்கவில்லையம்மா. கேட்காதவன் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். நாலு பேரைச் சிரிக்கவைக்க உன்னை எடுத்துக்கொண்டேன். காதில் கோளாறு, சரி. வாயில் என்ன கோளாறு?

நீ சொன்னபடி சுண்டுவிரலை இறக்கி வாசித்து, கேசட்டில் பதிந்து அனுப்பியிருக்கிறேன். எனக்கு இன்னும் நான்கும் ஒன்றுதான். இறங்குகிறதா, சொல்.

அப்பா


ஜூன் 2

மகளே,

கேசட் கிடைத்ததா?

போன ஞாயிறு பக்கத்து வீட்டம்மா கதவைத் தட்டி, "உங்க போன் அரைமணி நேரமா அடிச்சுக்கிட்டே கிடக்கு, எடுக்க மாட்டீங்களா?" என்று கத்தினாள். நான் உள்ளே கிதாரும் கையுமாக இருந்தேன். ஓடிவந்து எடுப்பதற்குள் நின்றுவிட்டது. நீயா?

அதன்பிறகு கிதாரைத் தொடவில்லை. எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள். ஒரு கையைப் போனின் மேல் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். அடித்தால் அதிரும் அல்லவா.

அப்பா