ஜிப் வைக்காத மூன்று மேக்ஸி

ஜூலை 6, ஞாயிறு

மேல்காற்று. கொடியில் போட்டதெல்லாம் தெருவில். யார் வீட்டுப் பாவாடையோ எங்கள் வாசலில்.

இன்று முடிக்க வேண்டியவை:
– ஹெலனுக்கு சாம்பிள் மேக்ஸி மூன்று
– பிரஸ்ஸுக்குப் பதினோரு மணிக்கு. ஞாயிறும் வேலை. தீபாவளிப் பட்டாசு லேபிள். பூச்சட்டிக்கு மயில் படமாம், கம்ப்யூட்டரில் தோகையை இழுத்து இழுத்து வைக்க வேண்டும்
– தலைக்கு எண்ணெய் (நடக்காது)

ஹெலனை நேரில் பார்த்ததில்லை. இங்கிலாந்தில் ஒரு சின்ன ஊரில் துணிக்கடை. நான் பிரஸ்ஸுக்குப் போட்டுப் போகும் மேக்ஸி, கழுத்து மூடி, முழுக்கை, கணுக்கால் வரை, கைத்தறிக் கட்டம், அம்மா தைத்தது. அதைப் போட்டோ எடுத்து நெட்டில் போட்டிருந்தேன். "இது எங்கே கிடைக்கும்?" என்று கேட்டாள். அப்படியே மூன்று வாரப் பேச்சு. படம் வரைந்து, அளவு போட்டு அனுப்பியிருக்கிறாள். முதுகில் இருபத்திரண்டு அங்குல ஜிப். மதுரைக்குப் போய் உலோக ஜிப் வாங்கி வந்தேன்.

அம்மாவும் செல்வி சித்தியும் தைக்கிறார்கள். சித்தி எதிர்வீடு, ரத்த உறவு இல்லை. இரண்டு பேரும் ஒரே பட்டாசுக் கம்பெனியில் குழாய்க்குள் வெடிமருந்து செலுத்துகிறவர்கள். ஞாயிறு மட்டும் மிஷின்.

அம்மா இன்று சொன்னது: "ஆர்டர் நெலையா வந்தா கம்பெனிக்குப் போறத நிப்பாட்டிக்கிடுதேன்." வார்த்தை மாறாமல் எழுதி வைக்கிறேன். பின்னால் மாற்றிப் பேசுவாள்.

ஞாயிறன்று மட்டும் தாலிக்கயிற்றில் நாலு ஊக்கு மாட்டிக்கொள்வாள். மற்ற வீட்டுப் பெண்கள் எல்லா நாளும் மாட்டியிருப்பார்கள். அம்மா திங்கள் காலை ஆறரைக்குக் கம்பெனி வேன் ஹாரன் அடித்ததும் கழற்றிப் பவுடர் டப்பா மூடியில் போடுவாள். உள்ளே இரும்பு ஆகாது. ஹேர்பின், ஊக்கு, கொக்கி வைத்த ஜாக்கெட், எதுவும். உரசினால் பொறி. நைலானும் ஆகாது. தாலிக்கு மட்டும் தடையில்லை. அது உரசினால் பற்றாதாம்.

ஜூலை 7, திங்கள்

பார்சல் போயாச்சு. அம்மா நேற்றே தேய்த்து மடித்து, கவர் போட்டு ஒட்டி வைத்திருந்தாள். நான் விலாசம் மட்டும் எழுதினேன்.

சாயங்காலம் பவுடர் எடுக்கப் போனால் டப்பா மூடியில் நாலு ஊக்கு. பக்கத்தில் மூன்று ஜிப்.

மூன்றும். புத்தம் புதுசு. பேப்பர் கூடப் பிரிக்கவில்லை.

கத்தினேன். தெருவுக்கே கேட்டிருக்கும்.

"அவ வரஞ்சு அனுப்புன படத்தைப் பாத்தியாம்மா இல்லையா?"

"பாத்தேன். முதுகு நீளத்துக்கு இரும்ப வச்சு எப்படித்தா உடுத்துறது? ஒக்காந்து எந்திரிக்கையில உரசிப் பத்திக்கிடும்ல."

"ஹெலன் என்ன சரவெடியா கட்டுறா?"

அம்மா யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள். "கை பாட்டுக்குத் தச்சிருச்சு" என்றாள். ஜிப்புக்குப் பதிலாக முன்பக்கம் பொத்தான் வைத்திருக்கிறார்கள். துணியைத் திரித்து முடிச்சுப் போட்ட பொத்தான், துணியிலேயே காது. ஜாக்கெட்டுக்கு இரண்டு பேரும் வைத்துக்கொள்வது அதுதான். ஒரு மேக்ஸிக்குப் பதினாறு.

செ. சித்தி வாசலில் நின்று, "வனிதா, கோவிச்சுக்கிடாத. நாந்தான் ஜிப்ப எடுத்து அங்கிட்டு வைக்கச் சொன்னேன். பக்கத்துல கெடந்தாலே பயமா இருந்துச்சு."

சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன். கோபம் கெட்டுப்போகும்.

ஜூலை 8

ஹெலனுக்கு எழுதியது: ஜிப் இல்லை. தப்பு எங்களுடையது. காரணம் இது. திருப்பி அனுப்ப வேண்டாம், வைத்துக்கொள்ளுங்கள். கெஞ்சவில்லை.

அனுப்பிவிட்டு மயில் தோகைக்குத் திரும்பினேன்.

ஜூலை 13, ஞாயிறு

பதில் இல்லை. காற்றும் நிற்கவில்லை.

ஹெலனின் பழைய மெசேஜ்களை மறுபடி படித்தேன். அவள் கடைக்கு வருகிறவர்கள்: சர்ச்சுக்குப் போகிற வயசானவர்கள், தலையில் முக்காடு போடும் நர்ஸுகள், "எல்லாரும் முறைச்சுப் பாக்குறது அலுத்துப்போச்சு" என்ற ஒரு டீச்சர். எல்லாருக்கும் வேண்டியது மூடின உடுப்பு, மூச்சு முட்டாத துணி, கொஞ்சம் அழகு. "மாடஸ்ட்" என்று எழுதுகிறாள். அடக்கமான உடை என்று தமிழில் சொல்லிப் பார்த்தேன். எரிச்சல். காலேஜ் கேட்டில் துப்பட்டாவைச் சரி பண்ணச் சொல்லி நிறுத்தி வைத்த ஞாபகம். அம்மா நாற்பது டிகிரி வெயிலிலும் சேலைக்கு மேல் அப்பா சட்டையை முழுக்கையோடு மாட்டிக்கொண்டு போவது அடக்கத்துக்காக இல்லை. மருந்து தோலில் படக்கூடாது. அந்த டீச்சர் விரும்பி மூடுகிறாள். நல்லது, போடட்டும். அம்மாவிடம் விருப்பத்தை யார் கேட்டார்கள்?

இதை எழுதிவிட்டு நிமிர்ந்தால், ஹெலன் அளவுக்கு முதலில் பழந்துணியில் தைத்துப் பார்த்த மேக்ஸியைப் போட்டுக்கொண்டு அம்மா கண்ணாடி முன்னால். பின்பக்கம் ஒரு முழம் தரையில் இழுபடுகிறது.

"இதுக்குள்ள என்னையப்போல இன்னொரு பேச்சியம்மா வரலாம்" என்றாள்.

செ. சித்தி உள்ளே புகப் பார்த்தாள். இரண்டு பேரும் சிரித்து விழுந்தார்கள். நானும்.

ஜூலை 17, வியாழன்

மத்தியானம் பிரஸ்ஸில் இருக்கும்போது மேற்கே, கம்பெனிகள் இருக்கும் பக்கம், வெடிச் சத்தம். எல்லாரும் மிஷினை நிறுத்திவிட்டுப் போனை எடுத்தோம். அம்மாவின் போன் கம்பெனி கேட்டில் வாங்கி வைத்திருப்பார்கள் என்று தெரியும். தெரிந்தும் அடித்தேன்.

கல் குவாரி வெடி. சாயங்காலம் வந்து திட்டுகிறாள்: "பதினேழு தடவையா? வாட்ச்மேன் என்னையப் பாத்துச் சிரிக்கான்."

மயில் தோகைக்கு நீலம் பத்தவில்லையாம். நாளை திருத்தணும்.

ஜூலை 24, வியாழன்

ஹெ. எழுதிவிட்டாள்!!

பஸ்ஸில் நின்றுகொண்டே படித்தேன். இருக்கன்குடிக் கோயிலுக்குப் போகிற கூட்டம், கையில் வேப்பிலைக் கட்டு, என் மூக்கில் இலை. இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி இரண்டு ஸ்டாப். நடந்து வந்தேன். காலே வலிக்கவில்லை.

அவள் எழுதியது, சுருக்கமாக: முதலில் ஜிப் இல்லை என்று கோபம். அப்புறம் கடையிலேயே போட்டுப் பார்த்திருக்கிறாள். கழற்றாமல் வீட்டுக்குப் போய்விட்டாள். அவள் தனியாக இருக்கிறவள். முதுகு ஜிப் என்றால் கம்பியை வளைத்து மாட்டி இழுப்பாளாம், பாதியில் நின்றால் மேலே சட்டையைப் போட்டு மறைத்துக்கொண்டு போவாளாம். கடைக்கு வருகிறவர்களில் பாதிப்பேருக்கு இதே கதை. "இத்தனை வருஷம் நான் ஏன் பின்னால் திறக்கிற உடுப்பு விற்றேன்?" என்று கேட்கிறாள். இனி எல்லாமே முன்பக்கம், துணிப் பொத்தான். மாதம் நாற்பது. முதலில் ஆறு மாதத்துக்கு எழுத்தில் கொடுத்துவிட்டாள்.

அம்மாவிடம் வாசித்தேன்.

"அதான் முன்னால வச்சேன்" என்றாள். பொய். முகத்தில் அம்புட்டுப் பெருமை.

செ. சித்தி: "ஜிப் போட்டுவிட ஆளில்லையா? பாவமே. நம்ம தெருவுல ஒரு குரல் கொடுத்தா பத்துப் பேரு வந்துருவாளுக. போட்டுவிட்டுட்டு, எங்க போறன்னும் கேப்பாளுக."

அங்கே ஆளில்லாததால், இங்கே பொறி பறக்கும் என்பதால். இரண்டு பயத்துக்கும் ஒரே பொத்தான். இதில் பெருமைப்பட என்ன இருக்கிறது? தெரியவில்லை. ஆனாலும் வீடு பூராவும் குதித்தேன்.

ஜூலை 27, ஞாயிறு

தைத்தவர்களின் போட்டோ வேண்டும் என்கிறாள் ஹெ. சோகமாக உட்கார வைத்து எடுக்க மாட்டேன் என்று எழுதினேன். "நானும் அதைக் கேட்கவில்லை" என்றாள். சரிதான்.

இரண்டு பேரும் மேக்ஸி போட்டு, பவுடர் அடித்து, பூ வைத்து, தண்ணி டேங்குக்கு முன்னால். சித்தி இடுப்பில் கை. அம்மாவுக்குச் சிரிப்பு நிற்கவில்லை, எட்டுப் படமும் ஆடிவிட்டது. அதில் ஒன்றையே அனுப்பினேன். லாரியில் லோடோடு போயிருக்கும் அப்பாவுக்கும் அனுப்பினேன். "யாரு இந்த ரெண்டு துரைசானி?" என்று பதில்.

சோறு போடும்போது கேட்டேன்.

"அப்ப நாளைக்கு வேனுக்கு?"

"சீசன் முடியட்டும்டி. நடுவுல விட்டுட்டு வந்தா போர்மேன் என்ன நெனப்பாரு?"

"சீசன்லதான் வெயிலு. சீசன்லதான் அவசரம். எல்லா விபத்தும் எப்ப நடக்குதுன்னு உனக்குத் தெரியாதா?"

ஜூலை 6 பக்கத்தை எடுத்து வந்து சத்தமாக வாசித்தேன். வார்த்தை மாறாமல்.

"நோட்டுல எழுதிட்டா அது சட்டமா?"

"ஆமா."

ரசத்தை ஊற்றினாள். சித்தி, "நீ நின்னா நானும் நின்னுருவேன்க்கா" என்றாள். அம்மா அவளுக்கும் ஒரு கரண்டி ரசம் ஊற்றினாள்.

ஜூலை 28, திங்கள்

காற்று நின்றிருக்கிறது. அம்மா அஞ்சரைக்கே எழுந்து பொத்தானுக்குத் துணி திரித்துக்கொண்டிருந்தாள். தூக்குவாளியில் சோறும் கட்டி வைத்திருந்தாள். அப்படியானால் கம்பெனிக்குத்தான்.

ஆறரை. வேன் ஹாரன்.

அம்மாவின் கை தானாகக் கழுத்துக்குப் போனது. முதல் ஊக்கைத் திறந்தாள்.

இரண்டாவது ஹாரன்.

திறந்ததை மூடினாள். நாலும் கழுத்தில் ஆட வாசலுக்குப் போய், "டிரைவர் தம்பி, போங்க. நான் வரல" என்றாள். எதிர்வீட்டுக் கதவு திறந்தது. "நானும் வரல" என்று சித்தி.

தூக்குவாளிச் சோற்றை நான் பிரஸ்ஸுக்கு எடுத்துப் போகிறேன்.