ஆனி மழையும் மைனியின் மின்சாரமும்

ஆனி 6, திங்கள்

புகைப்புரையில் மூங்கில் கழியிலிருந்து ரப்பர் ஷீட்டை இழுத்தபோது என் கையிலுள்ள பூனைமயிர் அத்தனையும் எழுந்து நின்றது. இரண்டு ஷீட்டு ஒட்டிக் கிடந்தன. பிரித்ததும் பொரி பொரிவதுபோல் ஒரு சத்தம். பயந்து கையை எடுத்தேன். மறுபடி கொண்டுபோனேன். மறுபடியும் எழுந்து நின்றது.

வெளியே மழை. ஆனி பிறந்ததிலிருந்து விடவில்லை. மரமெல்லாம் நனைந்து கிடப்பதால் அப்பா பால் வெட்டப் போகவில்லை. புரையில் பழைய ஷீட்டு மட்டும். அடியில் விறகு புகைகிறது. இந்த ஊரில் இப்போது ஈரமில்லாத இடம் அது ஒன்றுதான்.

சாயங்காலம் மைனி, அண்ணன் பெண்டாட்டி, பள்ளியிலிருந்து வந்ததும் சொன்னேன். குடையை மடக்காமலே புரைக்குள் ஓடினாள். சேலை முழங்கால்வரை சேறு.

"ஏட்டி ஞானம், இது என்னதுன்னு தெரியுமா? மின்சாரம்! நம்ம புரையில சும்மா கிடக்கு. நான் பள்ளிக்கூடத்துப் பெட்டியில போய் தேடிட்டு இருக்கேன்!"

அவளுக்கு இப்போது மின்சாரம் வேண்டும். பெண்கள் பள்ளியில் இந்த வருஷம்தான் நாலாம் பாரம் வகுப்பு தொடங்கினார்கள். மைனி நாகர்கோவிலில் ஸ்கூல் ஃபைனல் பாஸானவள், தற்காலிக டீச்சர். வருகிற வாரம் புதன்கிழமை இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா (இனி இ. அம்மா) வந்து அவள் பாடம் நடத்துவதைப் பார்ப்பார்கள். உரசலால் பிறக்கும் மின்சாரம் என்று பாடம் எழுதிக் கொடுத்தாயிற்று. பிடித்தால் வேலை நிரந்தரம். பிடிக்காவிட்டால் அந்தச் சனிக்கிழமையே பஸ் ஏறிப் பீர்மேட்டுக்கு. அண்ணன் அங்கே தேயிலைத் தோட்டத்தில் கிளார்க்கு. மலைக்குளிருக்கென்று அம்மா ஒரு கம்பளிகூட வாங்கி வைத்துவிட்டாள்.

அடுக்களையில் அம்மா அப்பாவிடம்: "கெட்டி ஒரு வருசமாச்சு. அவன் மலையில தனியா கஞ்சி வச்சுக் குடிக்கான். இவ இங்க ஊரார் பிள்ளையளுக்கு காத்தும் மழையும் படிப்பிக்கா."

அம்மா சொல்வதும் தப்பில்லை. ஆனால் மைனி போகக்கூடாது. அவள் வருவதற்கு முன் இந்த வீட்டில் நான் என்ன பேசினேன் என்று நினைத்துப் பார்த்தேன். 'ம்' என்பதுதான் அதிகம்.

ஆனி 7, செவ்வாய்

மழை. மைனி பள்ளிப் பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். உள்ளே இருந்தவை:

எபனைட் கோல், கறுப்பு. நன்றாக இருக்கிறது.
கண்ணாடிக் கோல். நுனி உடைந்தது.
பட்டுத்துணி. பூஞ்சை.
பூனைத்தோல். பூச்சி தின்று வழுக்கை.
நெட்டி உருண்டைக்கு ஒரு டப்பா. டப்பா மட்டும்.

எபனைட் என்பது ரப்பரில் கந்தகம் சேர்த்துக் காய்ச்சிச் செய்வதாம். நம் மரத்துப் பால்தான் கடல் கடந்துபோய்க் கறுப்புக் கோலாகித் திரும்பியிருக்குமோ. கையில் வைத்துக்கொண்டே இருந்தேன்.

உருண்டை நான் செய்தேன். மரச்சீனிக் கிழங்குச் செடியின் கம்பைப் பிளந்தால் நடுவில் வெள்ளையாகச் சோறு இருக்கும், நெட்டிபோலவே லேசு. அதைத் தோண்டி, உருட்டி, அடுப்புமேட்டில் காயவைத்து, பட்டுநூலில் கட்டித் தொங்கவிட்டேன். "பத்து விரலும் பொன்னு" என்றாள் மைனி.

அவள் சொன்னது: உரசிய கோல் உருண்டையைத் தன்பக்கம் இழுக்கும். தொட்டதும் கோலிலுள்ள அதே மின்சாரம் உருண்டைக்கும் ஏறும். உடனே உருண்டை விலகி ஓடும். ஒரே ஜாதி மின்சாரம் ஒன்றையொன்று தள்ளும், வேறு ஜாதி ஒட்டும்.

"நானும் எனக்க அக்காவும் போல. ரெண்டும் வாயாடி. ஒரு பாயில கிடக்க முடியாது."

"அப்பம் நானும் நீங்களும்?"

"நான் வாயாடி, நீ ஊமை. ஒட்டிக்கிடும்."

ராத்திரி இதை நினைத்து ஒருமுறை தனியாகச் சிரித்தேன்.

ஆனி 9, வியாழன்

உருண்டை அசையவில்லை. நேற்றும் இல்லை, இன்றும் இல்லை. கண்ணாடியைப் பட்டுத்துணியால் தேய்த்துத் தேய்த்து மைனிக்குக் கை வலி. ஈரந்தான் காரணம். கோலின்மேல் கண்ணுக்குத் தெரியாமல் தண்ணீர் படிந்து, மின்சாரமெல்லாம் அதன் வழியாக இறங்கிப் போய்விடுகிறது.

எனக்கு ஒரு யோசனை. ஷீட்டு காய்கிற இடத்தில் இவையும் காயாதா? கோல், பட்டு, உருண்டை எல்லாவற்றையும் புகைப்புரையில் கட்டித் தொங்கவிட்டேன்.

மைனி: "ஞானம், நீ மட்டும் படிச்சிருந்தா!"

நான் நூலில் இன்னொரு முடிச்சுப் போட்டேன்.

ஆனி 10, வெள்ளி

என் யோசனை நாசம். கோல் இரண்டிலும் பழுப்பாக ஒரு பசை. பட்டு, கருவாட்டுப் பானைபோல் நாறுகிறது. உருண்டை கறுத்து மிளகாகிவிட்டது. மின்சாரம் ஒரு பொட்டுக்கூட இல்லை. புகையும் கரியும் ஈரத்தைவிட மோசமாம், மின்சாரத்தைத் தங்கவிடாதாம்.

அப்பா துணியை முகர்ந்து பார்த்தார். "பட்டுக்கு புகை போட்டது லோகத்திலேயே நாமதான்."

அழுதேன். மைனி விரலில் அந்தக் கரியைத் தொட்டு என் மூக்கில் பொட்டு வைத்தாள். "போவட்டும், மக்கா. பிள்ளையளுக்கு இதையும் ஒரு பாடமா சொல்லுவேன்."

ஆனி 12, ஞாயிறு

வேதக்கோவிலில் பிரசங்கம் நீண்டது. அப்பா தூங்கினார்.

மதியத்துக்குமேல் கோல்களை வெந்நீரில் கழுவித் துடைத்து, சிரட்டைக்கரி போட்ட இஸ்திரிப் பெட்டியின்மேல் தகரமூடி வைத்து அதில் சூடுகாட்டினோம். பட்டுக்கு இனி உயிரில்லை. எபனைட்டைக் கம்பளியால் தேய்க்கலாமாம். நம் பக்கத்தில் கம்பளி யார் வைத்திருக்கிறார்கள்? வீட்டில் ஒன்றே ஒன்று. அம்மாவிடம் கேட்க நா எழவில்லை. எடுத்துவந்துவிட்டேன்.

மைனி இரண்டு தேய்ப்பு தேய்த்துக் கோலை நீட்டினாள். புது உருண்டை துள்ளிவந்து ஒட்டியது. ஒட்டியதும் ஓடியது. கோல் போகிற பக்கமெல்லாம் விலகி விலகி ஓடியது. நான் கூவிவிட்டேன். கூவல் கேட்டு அம்மா வந்தாள்.

"ஏட்டி! அது பீர்மேட்டுக் கம்பளி!"

"ஒரு ஓரம் மட்டும், மாமி" என்றாள் மைனி.

அம்மா திட்டிக்கொண்டே நின்றாள். பிறகு திட்டாமல் நின்றாள். பிறகு, "அது எதுக்கு இப்படி பேயக் கண்டதுபோல ஓடுகு?"

மைனி விளக்கினாள். அம்மா "எனக்கென்ன தெரியும்" என்று போய்விட்டாள். கம்பளியைக் கொண்டுபோகவில்லை.

ஆனி 14, செவ்வாய்

நாளைக்குப் பாடம். கோல் கொஞ்ச நேரத்திலேயே ஆறிவிடுகிறது. ஆறினால் ஈரம் ஏறிவிடும். ஆகையால் இஸ்திரிப் பெட்டியோடு யாராவது பள்ளி வராந்தாவில் இருந்து, சூடாக ஜன்னல்வழியே நீட்டவேண்டும். நான்தான்.

அந்தப் பள்ளிக்குள் போய் இரண்டு வருஷம். அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் என்னை நிறுத்தியபோது எல்லோரும் பாவம் என்றார்கள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எழுந்து நின்று ஒப்பிக்கச் சொன்னால் படித்ததெல்லாம் மறந்துபோகும். மற்ற பிள்ளைகள் திரும்பித் திரும்பிப் பார்ப்பார்கள்.

மைனியிடம் சொல்லிவிட்டேன்: "வராந்தா வரைக்கும்தான். உள்ள வரமாட்டேன்."

"உன்ன நான் கூப்பிடவே மாட்டேன். சத்தியம்."

ஆனி 15, புதன்

நடந்தது நடந்தபடி எழுதப் பார்க்கிறேன்.

கொட்டு மழை. இஸ்திரிப் பெட்டி ஒரு கையில். கம்பளிக்குள் சுற்றிய கோல்கள் மார்போடு. மைனியின் முறை வந்தும் இ. அம்மா வரவில்லை. தையல் வகுப்பில் ஒவ்வொரு பிள்ளை தைத்த பொத்தான் துளையையும் விரித்து விரித்துப் பார்த்தார்களாம். நான் வராந்தாவில் கரியை ஊதி ஊதிக் கண் சிவந்தேன். அவர்கள் வந்து உட்கார்ந்தபோது பெட்டியில் சாம்பல்.

கோலையும் கம்பளியையும் ஜன்னல்வழியே நீட்டினேன். மைனி தேய்த்தாள். நீட்டினாள். உருண்டை தொங்கியது. மறுபடியும் தேய்த்தாள். தொங்கியது. உள்ளே பிள்ளைகள் எல்லோருக்கும் நனைந்த பாவாடை, நனைந்த தலை. சுவரே வியர்த்திருந்தது.

இ. அம்மா திருவனந்தபுரத்துக்காரர். "மின்சாரம் எவிடெ டீச்சரே?"

மைனி கோலைக் கீழே வைத்தாள். "வரல்ல அம்மா. அறையில இருக்க ஈரம் அதக் கொண்டுபோயிட்டுது." ஏன், எப்படி என்று பிள்ளைகளுக்குத் தெளிவாகச் சொன்னாள். புகைபோட்ட பட்டுத்துணி கதையையும் சொன்னாள். யாரும் சிரிக்கவில்லை. இ. அம்மா எதையோ எழுதினார்கள்.

மைனி வெளியே பார்த்தாள். கூரைத்தண்ணீர் விழுந்து ஒரு இரும்பு வாளி நிறைந்திருந்தது. அதையும் கிணற்றுக் கயிற்றையும் தானே போய் எடுத்துவந்தாள். வளையத்தில் கயிற்றைக் கோத்து ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, "மின்சாரம் வரல்லேன்னா பலத்தப் படிப்போம். அடுத்த முனைய யாரு பிடிக்கது? வாங்க" என்றாள்.

இ. அம்மாவுக்குப் பயந்து ஒருத்தியும் எழவில்லை. எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். அந்தத் தரையை நானும் நிறையப் பார்த்திருக்கிறேன்.

மைனியின் கண் ஜன்னலுக்கு வந்தது. உடனே திருப்பிக்கொண்டாள். சத்தியம் செய்திருக்கிறாளே. அதைப் பார்த்தபிறகு வெளியே நிற்க முடியவில்லை.

உள்ளே போனேன். முனையைப் பிடித்தேன்.

"ஆரா ஈ குட்டி?" இ. அம்மா.

"எனக்க நாத்தனார், அம்மா."

பக்கத்தில் பக்கத்தில் நின்று தூக்கினோம். லேசாக வந்தது. "ஒரு எட்டு பின்னால போ" என்றாள். போனேன். அவளும் போனாள். கயிறு விரல்களை நெரித்தது. இன்னும் ஒரு எட்டு. இருவரும் சாய்ந்து இழுத்தும் வாளி மேலே வராமல் கீழே இழுக்கிறது. பல்லைக் கடித்தேன்.

"வாளிக்கு கனம் கூடிச்சா பிள்ளையளே?"

"இல்ல டீச்சர்."

"பின்ன ஞானத்துக்கு முகம் ஏன் இப்படி போகுது?"

முன்வரிசையில் ஒரு குட்டிப்பெண்: "நீங்க அங்கோட்டு இழுக்குதீங்க, அந்த அக்கா இங்கோட்டு இழுக்கா. பாதி பலம் உங்களுக்க சண்டையில போவுது."

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். வாளி டணாரென்று இறங்கியது.

மைனி பலகையில் அம்புகள் போட்டாள். வாளிக்குக் கீழ்நோக்கி ஒன்று, கயிறுகளுக்குச் சாய்வாக இரண்டு. அம்பின் நீளம் பலம், முனை திசை. சாய்வு கூடக்கூட அதே வாளிக்கு அம்பு நீளவேண்டும். கயிறு நேர்கோடாகும்வரை இழுக்க யாராலும் ஆகாதாம். பிறகு பிள்ளைகள் இரண்டிரண்டு பேராக வந்தார்கள், தள்ளுமுள்ளு. கடைசியில் இ. அம்மாவே எழுந்து தலைமை ஆசிரியையோடு ஒரு முனை பிடித்தார்கள். தண்ணீர் தளும்பி அவர்கள் செருப்பெல்லாம். முகம் சுளித்தார்களா, சிரித்தார்களா, தெரியவில்லை.

போகும்போது சொன்னது இவ்வளவுதான்: "மின்சாரம் வந்தில்லல்லோ."

ஆனி 16, வியாழன்

சேதி இல்லை. விரலில் கயிற்றுத் தடம், சிவப்பாக. மைனி அதற்குத் தேங்காயெண்ணெய் தடவினாள்.

அம்மா கம்பளியைத் தட்டி மடித்து மைனியின் பெட்டியில் வைத்தாள். "அது கெடக்கட்டும். எப்படியும் போவேண்டியதுதானே."

மைனி அண்ணன் சட்டையொன்றில் பொத்தான் வைத்துக்கொண்டிருந்தாள், கொண்டுபோய்க் கொடுக்க. நான் பக்கத்தில்.

"உங்களுக்கு எங்க இருக்கணும் மைனி?"

"ரெண்டு இடத்திலயும்." நூலைப் பல்லால் கடித்தாள். "அவியள நினைச்சா அங்க. அந்தப் பிள்ளையள நினைச்சா இங்க."

என்னை நினைத்தால் எங்கே என்று கேட்கவில்லை. நானும் ஒரு கயிறு பிடித்திருக்கிறேன். தெரிந்தும் விடவில்லை.

ஆனி 18, சனி

தூறல். பஸ் மதியம். மைனியின் பெட்டி கயிறு கட்டி வாசலில். காலையில் தலைமை ஆசிரியை ஆள் அனுப்பினார்கள், மைனி போயிருந்தாள். அவளுக்கு வழிச்சோறு கட்டியாயிற்று. மதியத்துக்கு மூன்று பேருக்கு உலை வைத்தேன்.

"அழாத. அவ கெட்டினவன்கிட்ட போறதுக்கா நீ அழுவ?" என்று சொல்லிவிட்டு அம்மாவே மூக்கைச் சிந்தினாள்.

மைனி அடுக்களை வாசலில் வந்து நின்றாள். குடை இருந்தும் நனைந்திருந்தாள்.

"மாமி, கோவப்படாதீங்க."

அம்மா திரும்பவில்லை.

"வேலைய நிரந்தரமாக்கியாச்சு. நாலாம் பாரம் எனக்குத்தான். மின்சாரத்த மட்டும் இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா தை மாசம் வெயில்ல வந்து பாப்பாவளாம்."

"அப்பம் அவன்?" என்றாள் அம்மா.

"ஓணத்துக்கு அவிய வரட்டும். கிறிஸ்மஸுக்கு நான் போறேன் மாமி."

அம்மா கரண்டியைக் கழுவினாள். துடைத்தாள். கழுவிய கரண்டியை மறுபடியும் கழுவினாள். "கம்பளிய அவனுக்கு அனுப்பிருவோம்" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "இல்ல, வேண்டாம். தை மாசம் உனக்கு வேணும்லா."

மைனி முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

நான் உலைமூடியைத் தூக்கி, இன்னும் ஒரு பிடி அரிசி போட்டேன்.