பத்துக்கு எட்டு

மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

நலம் விசாரித்துத் தொடங்குவதுதான் முறை. மூன்று மாதமாக நீங்கள் என்னை விசாரிக்கவில்லை என்பதால் நானும் அதைத் தள்ளிவைக்கிறேன். போனில் கூப்பிட்டால் "சரி அண்ணி, சரி அண்ணி" என்று நழுவிவிடுகிறீர்கள். காகிதத்தில் நழுவ முடியாது, அதனால்தான் எழுதுகிறேன்.

நேற்று உங்கள் கால்பந்துக் கிளப் செயலாளர் வீட்டுக்கு வந்தார். என் வீட்டுக்காரர் பெயரில் நினைவுப் போட்டி நடத்தி, மலர் ஒன்றும் அச்சடிக்கப் போகிறார்களாம். ஒரு பக்கத்தை நீட்டிக் கையெழுத்துக் கேட்டார். 'திடீர் மாரடைப்பால் காலமானார்' என்று போட்டிருந்தது. "கோல்கீப்பர்னா பசங்களுக்கு ஒரு தைரியம்மா. அதைக் கெடுக்க வேணாமே," என்றார்.

பதினோரு வருஷம் குடித்தனம் நடத்தியவள் நான். இவருடைய இதயத்துக்கு ஒரு குறையும் இல்லை. மனம் உடைந்து, யாரிடமும் சொல்லாமல், தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க நான் உதவ மாட்டேன். தேநீர் கொடுத்து, கையெழுத்துப் போடாமல் அனுப்பிவிட்டேன்.

எனக்கு ஒன்று வேண்டும். உடை மாற்றும் அறைக் கதவில் தினமும் காலையில் ஒரு தாள் தொங்குமாமே. உடம்பும் மனமும் எப்படி இருக்கிறது என்று எல்லாரும் பத்துக்கு ஒரு எண் போட வேண்டுமாமே. இவருடைய கடைசி மாதத் தாள்களை வாங்கித் தாருங்கள். கேப்டன் நீங்கள் கேட்டால் மறுக்க மாட்டார்கள்.

மகள் உங்களைக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

அண்ணி

மார்ச் 11

அன்புள்ள அண்ணிக்கு,

வராமல் இருந்தது என் தப்புதான். வாசல்வரை இரண்டு தடவை வந்து திரும்பிவிட்டேன்.

தாள்களைப் பார்த்தேன். எடுத்துவர மனம் வரவில்லை, இருந்ததைச் சொல்கிறேன். முப்பது நாளும் எட்டு. கடைசி நாளும் எட்டுதான்.

இதைக் கிளறி என்ன ஆகப்போகிறது அண்ணி? செயலாளர் கெட்டவர் இல்லை. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? நாளைக்குப் பள்ளியில் நாலு பேர் கேட்டால் பாப்பா என்ன சொல்லும்? அண்ணன் பேராவது மிஞ்சட்டும்.

நான் நன்றாக இருக்கிறேன். நாலு ஆட்டத்தில் மூன்றில் ஜெயித்தோம்.

உங்கள் தம்பி

மார்ச் 15

அன்புள்ள தம்பிக்கு,

முப்பது நாளும் எட்டா? அந்த முப்பது நாளில்தான் இவருடைய அப்பா இறந்தார். இரண்டு விரல் முறிந்து கட்டுப் போட்டதும் அந்த மாதம்தான்.

நான் கண்ணாடிக் கடையில் பார்வை சோதிக்கிறவள். லாரி ஓட்டுகிறவர்கள் அட்டையின் கடைசி வரியை மனப்பாடம் செய்துகொண்டு வருவார்கள், வேலை போய்விடுமே என்ற பயத்தில். அட்டை எங்கே தொங்குகிறது என்றே தெரியாத ஆள்கூடக் கடகடவென்று ஒப்பிப்பார். நான் சண்டை போடுவதில்லை. அதையே பின்னாலிருந்து படிக்கச் சொல்வேன். அங்கே மாட்டிக்கொள்வார்கள்.

உங்களையும் பின்னாலிருந்து படிக்கச் சொல்கிறேன். இவர் மட்டும்தானா, இல்லை இருபது ஆம்பளைகளும் தினமும் எட்டா? யார் யாருக்குச் சொல்லிக்கொடுத்தது? இன்று காலை நீங்கள் போட்ட எண் என்ன?

நினைவுப் போட்டியன்று மைக்கில் உள்ளதைச் சொல்லப் போகிறேன். மகளிடம் முதலில் சொல்லிவிட்டேன். ரொம்ப நேரம் அழுதாள். அப்புறம், "அப்பாவுக்கு உடம்பு முடியலன்னு யாருக்கும் தெரியலையாம்மா?" என்று கேட்டாள். ஒன்பது வயதுப் பிள்ளைக்குப் புரிந்தது ஊருக்கும் புரியும். நீங்கள் பக்கத்தில் நின்றால் எனக்குத் தெம்பு. நிற்காவிட்டாலும் மைக் வேலை செய்யும்.

அண்ணி

மார்ச் 20

அண்ணி,

பின்னாலிருந்தே படிக்கிறேன்.

சொல்லிக்கொடுத்தது நான்தான். அண்ணன் வயதில் மூத்தவர் என்றாலும் கிளப்புக்கு எனக்குப் பின்னால் வந்தவர். வந்த வாரமே உள்ளதைச் சொல்கிறேன் என்று ஐந்து போட்டார். பயிற்சியாளர் இரண்டு ஆட்டம் வெளியே உட்கார வைத்தார். நான் அவரைத் தனியாகக் கூட்டிப்போய், "ஆறு போட்டா உக்கார வைப்பான், பத்து போட்டா சந்தேகப்படுவான். எட்டைப் போட்டுட்டு வேலையைப் பாருண்ணே," என்றேன். எனக்கு முந்தைய கேப்டன் எனக்குச் சொன்னதும் அதுதான்.

கடைசி நாள் காலை, பேனாவைப் பிடித்துக்கொண்டு தாள் முன்னால் நின்றார். "இன்னைக்கு எட்டு வரலடா," என்றார். நான் சிரித்துக்கொண்டே பேனாவைப் பிடுங்கி, அவர் பேருக்கு நேராக நானே எட்டு போட்டேன். அந்தக் கடைசி எட்டு என் கையெழுத்து. தாளை ஏன் கொண்டுவரவில்லை என்று இப்போது தெரிந்திருக்கும்.

அன்றிலிருந்து நானும் தினமும் எட்டுதான் போடுகிறேன். உண்மையில் இரண்டுகூட வராது.

உங்கள் பக்கத்தில் நிற்கிற யோக்கியதை எனக்கு இல்லை. மன்னிக்கவும் வேண்டாம். நீங்கள் ஊருக்குப் போகும்போது செடிகளுக்குத் தண்ணீர் ஊற்ற அண்ணன் கொடுத்த உங்கள் வீட்டுச் சாவியை இதோடு வைத்திருக்கிறேன். என் பூட்ஸ் பாப்பாவுக்கு, வளர்ந்ததும் போட்டுப் பார்க்கட்டும். மைதானத்தில் புல் வெட்டுகிறவரிடம் கொடுத்தனுப்புகிறேன். எனக்குக் கூடப்பிறந்த அக்கா இல்லாத குறையை நீங்கள் தீர்த்தீர்கள்.

தம்பி

மார்ச் 20, காலை பதினொன்று

டேய் தம்பி,

இதை உன் கதவுக்கு அடியில் தள்ளுகிறேன். கடையிலிருந்து அப்படியே வண்டி பிடித்து வந்துவிட்டேன். தட்டித் தட்டிக் கை வலிக்கிறது. உள்ளே நீ நடப்பது கேட்கிறது. கீழ்வீட்டுக்காரர் ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு, பூட்டு உடைக்க ஆள் கூட்டிவரப் போயிருக்கிறார். அதற்குள் நீயே திறந்தால் எனக்குச் சந்தோஷம்.

இவர் கடைசி வாரத்தில் தன்னுடைய நல்ல கையுறைகளைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தார். தாராள மனசு என்று நினைத்தேன். உன் பூட்ஸைப் பார்த்ததும் அது ஞாபகம் வந்தது. இரண்டாம் தடவை நான் ஏமாற மாட்டேன்.

பேனாவைப் பிடுங்கியது தப்பு. அதை இல்லை என்று சொல்லி உன்னைத் தேற்ற மாட்டேன். அதற்காக உன்னை வருஷக்கணக்கில் திட்டப் போகிறேன், திட்டு வாங்க நீ இருந்தாக வேண்டும். ஆனால் அவரைக் கொன்றது உன் எட்டு இல்லை. ஒரே கட்டிலில் படுத்திருந்த எனக்கே தெரியாத நோய் அது. இப்போது உனக்கும் அதுதான் வந்திருக்கிறது, அதற்கு வைத்தியம் இருக்கிறது.

நேராகவே கேட்கிறேன். செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா? இந்தத் தாளின் பின்பக்கம் எழுதி வெளியே தள்ளு. பேனாவையும் உள்ளே தள்ளியிருக்கிறேன். எண்ணை நீயே போடு. என்ன எழுதினாலும் நான் இந்தப் படியை விட்டு நகர மாட்டேன்.

அண்ணி

பின்பக்கம்

ஒன்று.

ஆமாம், தோன்றுகிறது அண்ணி. தினமும்.

தாழ்ப்பாள் இறுகிக் கிடக்கிறது. போய்விடாதீர்கள், திறக்கிறேன்.

ஏப்ரல் 27

அன்புள்ள தம்பிக்கு,

ஆஸ்பத்திரிச் சாப்பாட்டைக் குறை சொல்லி நீ டாக்டரம்மாவிடம் சண்டை போட்டதாகக் கேள்விப்பட்டேன். நல்ல சேதி.

நேற்று போட்டி நடந்தது. செயலாளர் மைக்கைத் தர மறுத்தார். உன் டீம் பையன்கள் இரண்டு பேர் அவர் கையிலிருந்து வாங்கி என்னிடம் கொடுத்தார்கள். என் கணவர் எப்படி இறந்தார் என்று சொன்னேன். மூன்றே வாக்கியம். அப்புறம், உள்ளுக்குள் அப்படித் தோன்றுகிறவர்கள் இன்றைக்கே ஒருவரிடம் சொல்லுங்கள், ஆளே கிடைக்காவிட்டால் கண்ணாடிக் கடைக்கு வாருங்கள் என்றேன். இதுவரை மூன்று பேர் வந்துவிட்டார்கள். ஒருவருக்கும் கண்ணில் கோளாறு இல்லை. ஒருவரை உன் டாக்டரம்மாவிடமே கூட்டிப்போனேன்.

அன்று காலை எண் போட்ட தாளை உன் பையன்கள் கதவிலிருந்து கழற்றி, எல்லாரும் பார்க்க மைதான வாசலில் ஒட்டியிருந்தார்கள். ஐந்து, நாலு, ஆறு, மூன்று. ஒரே ஒரு பத்து, அதைப் போட்டவனுக்கு முந்தாநாள்தான் குழந்தை பிறந்ததாம். பயிற்சியாளர் முகம் கறுத்துப்போனது. "உக்கார வைக்கணும்னா எல்லாரையும் உக்கார வைங்க சார்," என்று ஒருவன் சொன்னான். ஒருவரையும் உட்கார வைக்கவில்லை. ஆட்டத்தில் தோற்றுத்தான் போனார்கள்.

உன் பெயருக்கு நேராக ஒன்றும் எழுதவில்லை. யார் கையும் அங்கே படக்கூடாது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

சாவியை இதோடு வைத்திருக்கிறேன். செடிகள் வாடிக் கிடக்கின்றன, நான் ஊற்றுவதாக இல்லை. வியாழக்கிழமை பாப்பாவோடு வருகிறேன். திட்டு இன்னும் ஆரம்பிக்கவே இல்லை.

அண்ணி